நல்லில்லறச் சங்கத்தின் முதல் தம்பதி

கை வலிக்கிறது என்று சொன்னால் எந்தக் கை என்று கேட்பார்கள். வலது கை என்றால், அது கோயிலில் வைத்துப் புருஷனுக்குக் கொடுத்த கையல்லவா என்பார்கள். கொடுத்துவிட்ட பொருளைப் பற்றிக் கொடுத்தவளே வந்து குறை சொல்லலாமா என்று அப்புறம் கேட்பார்கள். ஆகையால் கையைப் பற்றிப் பேச வேண்டாம். வேலையைப் பற்றி மட்டும் பேசலாம்.

மத்திகிரியிலிருந்து ஓசூருக்கு நடந்து வந்த வழியில் சாந்தம்மா இவ்வளவுதான் யோசித்து முடித்திருந்தாள். போதகர் வீட்டு வேலியில் பனி இன்னும் விலகவில்லை. குளிர் என்றால் மணிக்கட்டு தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டு வலிக்கும். வலது கையை முந்தானைக்குள் மடித்துக்கொண்டு, இடது கையால் கதவைத் தட்டினாள்.

அவள் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. கிருஷ்ணகிரியில் மிஷன் பிள்ளைகள் விடுதி ஒன்றில் சமையலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். சமையற்கட்டுக்குப் பின்னால் தங்கிக்கொள்ள ஓர் அறையும் உண்டு. அந்த அறையை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். சிறிய அறை. ஜன்னல் கிடையாது. ஆனால் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. போதகர் ஒரு வார்த்தை சொன்னால் வேலை கிடைக்கும்; சொல்லாவிட்டால் கிடைக்காது.

போதகர் நல்ல மனிதர். யாரிடமும் இல்லை என்று சொன்னதில்லை. ஆமாம் என்று சொன்னதாகவும் யாருக்கும் ஞாபகமில்லை.

"சின்னராஜு சம்மதிச்சானா?" என்றார்.

"அவருகிட்ட கேக்கலைங்க ஐயா."

"புருஷனைக் கேக்காமலா வந்தே?"

"கேட்டிருந்தா வந்திருக்க முடியாதுங்களே."

போதகர் அவளை உற்றுப் பார்த்தார். முந்தைய வருஷமாக இருந்தால் ஒரு ஜெபம் செய்து அனுப்பியிருப்பார். இப்போது அப்படிச் செய்ய வேண்டியதில்லை. இப்போது சங்கம் இருந்தது.

சங்கம் வந்த கதை இது. சேலத்தில் நடந்த ஒரு மாநாட்டில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் நம் நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களில் மகிழ்ச்சி போதவில்லை என்று மூன்று நாள் ஆங்கிலத்தில் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த போதகர்கள் தங்கள் மனைவிமாரை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தபடியால் மூன்று நாளும் மிகுந்த மகிழ்ச்சியோடு இருந்தார்கள். அவர் சொன்னதை ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள். ஊர் திரும்பியதும் ஓசூரில் கிறிஸ்தவ நல்லில்லறச் சங்கம் தொடங்கியது. போதகர் தலைவர். போதகரின் மனைவி ஜோதியம்மாள் துணைத் தலைவி. சாமுவேல் சென்னப்பன் செயலாளர். ரப்பர் முத்திரை பெங்களூரில் செய்து வந்தது. எல்லாம் தயாராக இருந்தது. கஷ்டப்படும் தம்பதிதான் இல்லை.

இல்லறத்தில் துன்பம் உள்ளவர்கள் ஆராதனை முடிந்ததும் வந்து பார்க்கலாம் என்று போதகர் ஒவ்வொரு ஞாயிறும் அறிவித்தார். ஒருவரும் வரவில்லை. அதுவரை கோயிலுக்குத் தனித்தனியே வந்து தனித்தனியே போய்க்கொண்டிருந்தவர்கள்கூட, அறிவிப்பு வந்த பிறகு ஜோடியாகப் போகத் தொடங்கினார்கள். ஏழு வருஷமாக ஒருவரோடொருவர் பேசாத ஒரு கிழத் தம்பதி, செயலாளர் எதிரில் வந்தபோது கைகோத்துக்கொண்டார்கள். சங்கம் தொடங்கிய சில மாதங்களிலேயே ஓசூரில் துன்பம் அற்றுப்போய்விட்டது. செயலாளர் மனமுடைந்து போயிருந்தார்.

ஆகவே போதகர் ஆள் அனுப்பிய கால் மணி நேரத்தில் சாமுவேல் சென்னப்பன் கோட்டின் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். வாசற்படியிலேயே நின்று சாந்தம்மாவை ஏறிட்டுப் பார்த்தார். கண்ணில் நீர் தளும்பியது.

"ஆண்டவர் அனுப்பிட்டாருங்க ஐயரே," என்றார் போதகரிடம். "இனிமே நம்ம சங்கத்துக்குக் கொறை இல்லை."

சாமுவேல் சென்னப்பன் உத்தியோகத்தில் இருந்தவரை மாட்டுக் கண்காட்சிகளில் நடுவருக்குப் பக்கத்தில் நின்று மதிப்பெண் எழுதியவர். தலை, திமில், நடை, தோல், குணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு. எந்த ஜீவனையும் வட்டமாக இரண்டு சுற்று நடக்கவிட்டுப் பார்த்தால் அதன் உண்மை தெரிந்துவிடும் என்பது அவருடைய அனுபவம். சங்கத்தின் விசாரணை முறையை வகுத்தவரும் அவரே.

"நட," என்றார்.

சாந்தம்மாவுக்குப் புரியவில்லை. "எங்கீங்க?"

"அந்தச் செவுரு வரைக்கும் போயிட்டு வா."

போய் வந்தாள். செயலாளர் தலையை அசைத்து எழுதிக்கொண்டார். நடையில் குறையில்லை என்று போதகரிடம் சொன்னார்.

"புருஷன் அடிக்கிறானா?"

வேலையைப் பற்றி மட்டும் பேச வந்தவள் அவள். ஆனால் இப்படி நேராக ஒருவர் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. கேட்டதும் உள்ளே எதுவோ இளகியது.

"ஆமாங்க."

"கத்தினியா?"

"இல்லைங்க."

"ஏன் கத்தலை?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். முதல் தடவை அடித்தபோது வெட்கம் அவனுக்குத்தான் வந்தது. மறுநாள் முகத்தைப் பார்க்காமல் களி தின்றான். பிறகு எப்போதோ அந்த வெட்கம் அவளிடம் குடிவந்துவிட்டது. எந்த நாளில் மாறியது என்று அவளுக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

"கத்தினா பக்கத்து ஊட்டுல கேக்குமுங்க."

"அப்போ யாருக்கும் கேக்கலை," என்று செயலாளர் நிறைவோடு எழுதிக்கொண்டார். "சந்ததி?"

"தங்கலைங்க."

அது எப்படித் தங்காமல் போயிற்று என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் எழுதியதைத் தானே வாசித்துச் சொன்னார்: "பிள்ளைப் பேற்றுக்காக விசுவாசத்தோடு காத்திருக்கிறார்கள்."

ஜோதியம்மாள் காப்பி கொண்டுவந்தாள். வலது கை முந்தானையிலிருந்து வரவேயில்லை என்பதைக் கவனித்தவள் அவள்தான். இழுத்துப் பார்த்தாள். மணிக்கட்டு ஒரு பக்கமாக வீங்கி, கோணலாகக் கூடியிருந்தது.

"போன மழையிலே முறுக்கினாருங்கம்மா. ஒடிஞ்சிருச்சு."

செயலாளர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மணிக்கட்டைத் திருப்பினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். "எலும்பு பத்தி எனக்குத் தெரியாததில்லை. ராகிக் கல்லு சுத்தற பொம்பளைங்களுக்கு இப்படித்தான் ஆகும். இந்தப் பக்கத்துலே இது சாதாரணம்," என்றார். கை இயல்பானது என்று பதிவாயிற்று.

ஜோதியம்மாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "என்னைப் பாரு சாந்தம்மா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துலே ஐயர் என்மேலே கை வெச்சதே கிடையாது. ஏன் தெரியுமா? நான் எடம் கொடுத்ததில்லை. அவரு வர்ற செருப்புச் சத்தத்தை வெச்சே இன்னிக்கு எந்தப் பாட்டைப் பாடலாம், பாடக் கூடாதுன்னு கண்டுபிடிச்சிடுவேன். சத்தம் சரியில்லைன்னா நான் மூச்சுகூட விடமாட்டேன். எத்தனை சந்தோஷமா இருக்கோம் பாரு!"

போதகர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் விசாரணை தொடர்ந்தபோது வெங்கடம்மாள் வந்துவிட்டாள். சாந்தம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. தெலுங்குக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே மண்சுவர்தான். சாந்தம்மா கத்தவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த இரவுகளிலெல்லாம் அந்தப் பக்கம் விழித்துக் கிடந்தவள் அவள். யாரும் கூப்பிடாமலே வந்தாள்.

"நான் சொல்றேன் சாமி. அந்த ஆளு இவளைப் போட்டு அடிக்கறது எனக்குத் தெரியும். பானை உருளும், இவ மூச்சு அடங்கும், அப்பறம் அந்தாளு ஜெபம் பண்ணுவான். ஒவ்வொரு தரமும் அதே வரிசைதான். மாத்தறதே இல்லை."

"ஜெபம் பண்ணுவானா?" செயலாளரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா ஐயரே! குடும்ப ஜெபம் இருக்குது."

"அடிச்சிட்டு பண்றான் சாமி."

"அடிச்சதைப் பாத்தியா?"

"செவுரு இருக்குதே, எப்பிடிப் பாக்கறது? கேட்டேன்."

"நீ எந்தச் சபை?"

"சபையா? எங்களுக்கு எல்லம்மாங்க."

செயலாளர் பேனாவை மூடினார். மற்ற மதத்தார் காதில் விழுந்ததை ஏற்பதற்குச் சங்கத்தின் விதிகளில் இடமில்லை என்று கனிவோடு விளக்கினார். ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டால், பெற்ற தேதிக்குப் பிறகு கேட்பவற்றைத் தெரிவிக்கலாம்.

வெங்கடம்மாள் சாந்தம்மாவைப் பார்த்தாள். "ஏம்மே, இவங்ககிட்டயா நடந்து வர்றே? அதுக்கு எங்க எருமைகிட்ட சொல்லியிருந்தா தலையாவது ஆட்டியிருக்கும்." போகும்போது வாசலில் நின்று, "சாமி, உங்க சாமிக்கும் இந்த விதிதானா? கண்ணு மட்டும்தானா, காது கெடையாதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்தக் கேள்வி பதிவாகவில்லை.

சங்கம் அடுத்துச் சிகிச்சையில் இறங்கியது. குடும்பம் ஒரே மேஜையில் உட்கார்ந்து உண்டால் அன்பு பெருகும் என்பது அந்த வெளிநாட்டுப் பேச்சின் சாரம். அதற்கென்றே சங்கம் தேக்கில் ஒரு சாப்பாட்டு மேஜை செய்து வைத்திருந்தது. துன்பம் உள்ள வீடுகளுக்கு அது முறை வைத்துப் போக வேண்டும். துன்பம் உள்ள வீடு இல்லாததால் போதகர் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடந்தது. அது இப்போது மாட்டு வண்டியில் ஏறி மத்திகிரிக்கு வந்தது.

சாந்தம்மாவின் வீடு ஓர் அறைதான். மேஜை உள்ளே போனதும் அறை முடிந்துவிட்டது. அடுப்பை வெளியே எடுத்து வைத்தாள். பானைகளை மேஜைக்கடியில் அடுக்கினாள். படுக்கவும் அங்கேதான் இடம். சின்னராஜு மேஜைமேல் படுத்துக்கொண்டான். ஆள் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. எதிரே நடக்கும் எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்கும் வசதி அவனுக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை மாலைகளில் சங்கத்தார் வந்து அவர்கள் உண்பதைப் பார்த்தார்கள். உள்ளே இடமில்லாததால் வாசலில் நின்று பார்த்தார்கள். சின்னராஜு கண்ணை மூடி நெடுநேரம் ஜெபித்தான். அவன் குரலில் உருக்கம் இருந்தது. மனைவியின் பெயரைச் சொல்லி, அவள் இருதயத்தை மிருதுவாக்கும்படி கேட்டுக்கொண்டான். ஜோதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். களி ஆறி இறுகியது.

"எப்படி இருக்குது இப்போ?" என்று போதகர் கேட்டார்.

"மேஜை பெருசுங்க ஐயா," என்றாள் சாந்தம்மா.

ஒரு நாள் களியில் கட்டி இருந்தது. அன்று வாசலில் யாரும் நிற்கவில்லை. சின்னராஜு உதைத்தான். அவள் எப்போதும் போல் அசையாமல் நின்றிருந்தால் சரியாகப் பட்டிருக்கும்; ஏனோ அன்று உடம்பு தானாக விலகிக்கொண்டது. உதை மேஜைக் காலில் விழுந்தது. தேக்கு மளுக்கென்று விண்டது.

இதைப் போல ஒரு துக்கத்தைச் சங்கம் கண்டதில்லை. செயலாளர் தரையில் மண்டியிட்டு விரிசலை விரலால் தடவினார். "யாரு? யாரு செஞ்சது இதை?" என்றார். போதகர் தமது ஊழிய காலத்திலேயே முதல் தடவையாகக் கோபப்பட்டார். "அடுத்தவங்க பொருளு மேலே காலை ஓங்கறவன் மனுஷனா? உனக்குக் கல் மனசா?"

சின்னராஜு அழுதான். போலியாக அழவில்லை, சாந்தம்மாவுக்கு அவனுடைய இரண்டு அழுகையும் தெரியும். மேஜைக்காக மெய்யாகவே பயந்து அழுதான். மன்னிப்புக் கேட்டான். இனிமேல் செய்யமாட்டேன் என்று வேதத்தின் மேல் கை வைத்துச் சொன்னான். எதைச் செய்யமாட்டான் என்று யாரும் கேட்கவில்லை; மேஜையைத்தான் என்பது எல்லோருக்கும் தெளிவாக இருந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து தச்சர் வந்தார். விண்ட காலின் இரு பக்கமும் சட்டம் வைத்து, பசை பூசி, கயிறு கட்டி, பத்து நாள் யாரும் அதன்மேல் பாரம் வைக்கக் கூடாது என்று சொல்லிப் போனார். ஜோதியம்மாள் இரண்டு தடவை வந்து கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாள். சாந்தம்மா தன் மணிக்கட்டை மேஜைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஏறக்குறைய ஒரே பருமன்.

நோயைக் கண்டுபிடித்தாயிற்று; அவன் மனந்திரும்பியும் ஆகிவிட்டது. இனி மெய்யாகத் திருந்தினானா என்று தெரிய வேண்டும். வாய்ச் சொல்லில் செயலாளருக்கு நம்பிக்கை கிடையாது. அவரிடம் ஒரு யோசனை இருந்தது. சின்னராஜு அரசாங்கக் கால்நடைப் பண்ணையில் காளைகளைப் பராமரிப்பவன்.

"ஒருத்தன் கையிலே அடி இருந்தா, அவன் வளர்க்கற மாட்டுத் தோலிலே அது தெரிஞ்சே தீரும்," என்றார். "பொண்டாட்டி பொய் சொல்லலாம். தோல் சொல்லாது."

அவர் தமது பழைய சிநேகிதர்களிடம் சொல்லி அனுமதி வாங்கினார். போதகரும் ஜோதியம்மாளும் நல்ல உடை உடுத்திக்கொண்டார்கள். தம்பதியில் ஒருவர் என்ற முறையில் சாந்தம்மாவும் போனாள். பண்ணைக்குப் பக்கத்திலேயே அத்தனை வருஷம் குடியிருந்தும் கொட்டகைக்குள் அவள் நுழைந்தது அன்றுதான்.

பகதூர் என்று பெயர். சிந்தி இனக் காளை. செந்நிற உடம்பு வெயிலில் எண்ணெய் தடவியது போல் பளபளத்தது. சின்னராஜு மூக்கணாங்கயிற்றை இழுக்கவில்லை. பக்கத்தில் போய் நின்று கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தான். காளை தானாக அவன் பின்னால் வந்தது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. செயலாளர் காதைத் தூக்கிப் பார்த்தார், இமையை விலக்கிப் பார்த்தார், விலாவில் உள்ளங்கையை வைத்து முழங்கால் வரை தடவினார்.

"ஒரு தழும்பு? ஒரு வீக்கம்? சொல்லுங்க ஐயரே! வாயில்லாத ஜீவன் சாட்சி சொல்லுது."

வாயுள்ளவள் ஓரமாக நின்றிருந்தாள்.

அவள் அவர்கள் பேச்சைக் கவனிக்கவில்லை. புருஷனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காளையின் கழுத்துத் தொங்கலுக்கு அடியில் அந்தக் கை போயிற்று. விரல்களை விரித்து மெல்ல மேலும் கீழும் வருடியது. உண்ணி ஒன்று தட்டுப்பட்டதும், வலிக்காமல் எடுப்பதற்கு நகத்தால் சுற்றிலும் தளர்த்தி, பிறகு எடுத்தது. காளை கண்ணை மூடிக்கொண்டது.

இத்தனை வருஷமும் அவளிடம் ஓர் ஆறுதல் இருந்தது. அது ஆறுதல் என்றே அவளுக்குத் தெரியாது. அவன் கை அப்படித்தான். படைத்தவன் முரட்டுக் கையாகப் படைத்துவிட்டான். அவனுக்கு வேறு மாதிரி தொடத் தெரியாது என்று நினைத்திருந்தாள். தெரியாதவனை என்ன செய்ய முடியும்? மழை பெய்தால் நனைவது போலத்தான் என்று இருந்தாள். இப்போது பார்த்தால் தெரிந்திருக்கிறது. எவ்வளவு அழுத்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரு நிமிஷம் அந்தக் காளைமேல் பொறாமை வந்தது. பொறாமை போன பிறகு எதுவும் வரவில்லை. உள்ளே சுத்தமாகப் பெருக்கிவிட்ட மாதிரி இருந்தது.

பண்ணையில் கறந்த பாலைக் காய்ச்சித் தருவதாகச் சொல்லி யாரோ சங்கத்தாரை அழைத்துப் போனார்கள். இருவரும் தனியாக நின்றார்கள்.

"அதை அடிக்கணும்னு உனக்குத் தோணினதே இல்லையா?" என்று கேட்டாள்.

சின்னராஜு சிரித்தான். நல்ல சிரிப்பு அது. அன்று அவன் சந்தோஷமாக இருந்தான். "ஏன் தோணாது? மொதமொதல்ல வந்தப்போ என் கால் மேலே மிதிச்சிருக்குது. ஆனா அடிச்சா வேலை போயிடும்டி. இது சர்க்கார் மாடு."

பாலைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தபடி வந்த செயலாளர், இருவரும் பேசிக்கொண்டு நிற்பதையும் அவன் சிரிப்பதையும் கண்டார். அங்கேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். நல்லில்லறச் சங்கத்தின் முதல் வெற்றி.

இல்லற ஞாயிறு குறிக்கப்பட்டது. சேலத்திலிருந்து, போதகர்களுக்கெல்லாம் மேலதிகாரியான மேல்விசாரணை ஐயா வருகிறார். அவர் முன்னிலையில் இருவரும் வலது கை பிடித்துக் கல்யாண வாக்கைத் திரும்பச் சொல்வார்கள்.

முந்தின நாள் ஜோதியம்மாள் புதுச் சேலையோடு மத்திகிரிக்கு வந்தாள். சேலையைச் சாந்தம்மாவின் தோளில் வைத்து அழகு பார்த்தாள்.

"கிருஷ்ணகிரி விடுதியிலே இன்னும் ஆளு எடுக்கலையாம். நீ நாளைக்கு ஒழுங்கா வாக்குச் சொன்னா, நல்ல இல்லறம் உள்ள பொண்ணுன்னு ஐயர் உனக்காகச் சொல்லுவாரு. அந்தச் சொல் இல்லாம மிஷன்லே யாருக்கும் வேலை இல்லை, தெரியுமில்லே?"

சாந்தம்மாவுக்கு அந்தத் தாழ்ப்பாள் கண்முன் வந்தது. "சொன்னா நான் போயிடலாங்களாம்மா?"

"எங்கே போறது?"

"விடுதிக்குங்க."

ஜோதியம்மாள் அவள் கன்னத்தைத் தட்டினாள். "அசடு! இல்லறம் நல்லா இருக்கும்போது எதுக்குடி போகணும்?"

"நல்லா இல்லைன்னா?"

"நல்லா இல்லைன்னா ஐயர் எப்படிச் சொல்லுவாரு?"

இதில் இருந்த ஒழுங்கைச் சாந்தம்மா கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தாள். எங்கும் சந்து இல்லை. தச்சர் கட்டிய கட்டுப் போல் இறுக்கமாக இருந்தது.

ஜோதியம்மாள் எழுந்தாள். வாசலில் ஒரு கணம் தயங்கினாள். வெளியே யாரோ செருப்போடு நடந்து போனார்கள். அவள் தலையைச் சாய்த்து அந்தச் சத்தம் கடந்து போகும் வரை கேட்டாள். பிறகு, "நாளைக்கு என்னைப் பாத்துக்கிட்டே சொல்லிடு. சுலபமா இருக்கும்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பியிருந்தது. காகிதத் தோரணம், சாமந்தி, பீடத்துக்கு முன்னால் கால் குணமான அந்தத் தேக்கு மேஜை. ஜோடி ஜோடியாக வந்தவர்களின் முகங்களில், செயலாளரின் பார்வை தங்கள் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்ற புன்னகை. பின்பக்கக் கதவுக்கு வெளியே வெங்கடம்மாள் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வர விதி இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மேல்விசாரணை ஐயா பேசினார். "இல்லறம் என்பது ஒரு தோட்டம். நான் என் மனைவியைப் பார்த்து ஆறு மாதம் ஆகிறது. ஊழியத்தின் நிமித்தம் அலைகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் குடும்ப ஒற்றுமையைப் பற்றித்தான் பேசுகிறேன். அவளிடமிருந்து இதுவரை ஒரு முறையீடும் வந்ததில்லை. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?" சபையார் மெய்மறந்து கேட்டார்கள். அடுத்துச் செயலாளர் எழுந்து, தோலில் தழும்பில்லை என்பதையும், இமைக்குள் சிவப்பு ஆரோக்கியமாக இருந்தது என்பதையும் வாசித்தார். அவர் சொல்வது காளையைப் பற்றி என்பது வெளியூர்க்காரரான மேல்விசாரணை ஐயாவுக்குத் தெரியாது. அவர் சாந்தம்மாவைப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார்.

போதகர் புத்தகத்தைத் திறந்தார். சின்னராஜு வெள்ளைச் சட்டையில் நின்று, சாகும் வரை இவளை நேசித்து ஆதரிப்பேன் என்று உரக்கச் சொன்னான். உள்ளங்கையை மலர்த்தி நீட்டினான்.

"வலது கையைக் கொடம்மா," என்றார் போதகர்.

சாந்தம்மா அந்தக் கையைப் பார்த்தாள். விரல்கள் விரிந்திருந்தன. மென்மையாகவே விரிந்திருந்தன; எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோதியம்மாளைப் பார்த்தாள். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தாள்: சொல்லிடு.

கொடுக்காவிட்டால் விடுதி இல்லை. கொடுத்தாலும் இல்லை. அந்தக் கதவு யாரோ ஒருத்திக்குப் போகட்டும். அவள் நல்லபடி தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கட்டும்.

கை முந்தானைக்குள்ளேயே இருந்தது.

"அம்மா சாந்தம்மா, கையை நீட்டு."

ஆர்மோனியக்காரர் பாட்டைத் தொடங்கி நிறுத்தினார். சபையில் முணுமுணுப்பு. மேல்விசாரணை ஐயா கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். செயலாளரின் நெற்றியில் வேர்வை பொடித்தது. சங்கத்தின் முதல் வெற்றி கண்ணெதிரே நழுவுவதைக் கண்டார். அவருக்குச் சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. மேல்விசாரணை ஐயாவின் காதருகே குனிந்தார். பதற்றத்தில் குரல் உயர்ந்துவிட்டது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"அது ஒடிஞ்ச கைங்க ஐயா! போன மழையிலே புருஷன் முறுக்கி ஒடிச்சது. தப்பாக் கூடிப்போச்சு. தூக்க வராதுங்க. எங்களுக்கெல்லாம் நல்லாத் தெரியும்!"

போதகர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சின்னராஜுவின் உள்ளங்கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

"ஓ, அப்படியா?" மேல்விசாரணை ஐயா இரக்கத்தோடு புன்னகைத்தார். "பாவம். முதலிலேயே சொல்லியிருக்கலாமே. ஒடிந்த கை என்றால் இடது கையைக் கொடுக்கட்டும். அன்புக்கு வலது ஏது, இடது ஏது?"

அத்தனை மாதமும் அவள் வாய் திறந்து கேட்காமல் எதிர்பார்த்தது அதைத்தான்; யாராவது ஒருவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதைத்தான். சொல்லியாகிவிட்டது. கோயில் முழுவதும் கேட்டாகிவிட்டது. இனி அவள் செய்ய வேண்டியது தலையைக் குனிந்து, ஆமாங்க, வலிக்குதுங்க என்று சொல்வதுதான்.

சாந்தம்மா முந்தானையை விலக்கினாள். வலது கையை வெளியே எடுத்தாள். கோணலான மணிக்கட்டோடு அதைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, விரல்களை ஒருமுறை மடக்கி, விரித்துக் காட்டினாள். வலித்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு அதை மறுபடியும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"தூக்க வருதுங்க ஐயா," என்றாள், மெதுவாக. "நான்தான் குடுக்கலைங்க."